நான் ‘எரியட்டும், விடுங்க’ என்று சொன்னது ஏன்

தப்பு செய்துவிட்டுத் திட்டு வாங்கினால் இரண்டு நாளில் மறந்துபோகும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டுத் திட்டு வாங்கினால் ஆயுசுக்கும் மறக்காது. எனக்கு இருபது வருடமாக மறக்கவில்லை. இதை எழுத உட்கார்ந்தபோதுகூடக் காது சூடாகிவிட்டது.

இரண்டாயிரத்து மூன்றில் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டைக் காலி செய்துவிட்டு, பக்கத்து ஊரில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிபோனோம். ஹாலில் செங்கல்லால் கட்டிய கணப்பு ஒன்று இருந்தது. பார்க்க அழகு, குளிருக்கு உதவாது. விறகைக் கொளுத்தினால் சூடு முழுக்கப் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும். போகிற போக்கில் ஹீட்டர் சூடாக்கி வைத்த காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். நியூ ஜெர்சி மொத்தமும் குளிர்காய நாங்கள் ஏன் விறகு போட வேண்டும்?

நான் கெமிக்கல் இன்ஜினியர். மருந்துக் கம்பெனியில் வேலை. எரிதல், அழுத்தம், வெப்பம் எல்லாம் நான் படித்துப் பாஸான பாடங்கள். (இதை அந்தக் காலத்தில் தேவைக்கு மேல் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.) அதனால் அந்தக் கணப்புக் குழிக்குள் ஓர் இரும்பு அடுப்பைப் பொருத்துவது என்று முடிவெடுத்தேன். ‘இன்சர்ட்’ என்பார்கள். கண்ணாடிக் கதவு வைத்த கனமான இரும்புப் பெட்டி. விறகு உள்ளே எரியும், சூடு ஹாலுக்கு வரும், புகை மட்டும் குழாய் வழியாக மேலே போகும்.

என் கணவர் ஜமால் சாஃப்ட்வேர்க்காரர். பெட்டியின் படத்தைப் பார்த்ததுமே, “நிஷா, இதை நானே மாட்டிடுறேன். ஒரு பெட்டி, ஒரு பைப். இதுல என்ன இருக்கு?” என்றார்.

“புக் ஷெல்ஃப் மாட்டினீங்களே, அது மாதிரியா?”

அந்த ஷெல்ஃப் அப்போது தரையில் கிடந்தது.

லைசென்ஸ் உள்ள ஆளைத்தான் கூப்பிட்டேன். அவர் புகைபோக்கியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, உச்சியிலிருந்து அடுப்புவரை எஃகுக் குழாய் இறக்கி, சுற்றியிருந்த இடைவெளியைத் தகடு வைத்து அடைத்தார். டவுன்ஷிப்பின் கட்டட இன்ஸ்பெக்டர் வந்து டார்ச் அடித்துப் பார்த்து, சரி என்றார். கீழேயும் மாடியிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டினேன். விறகின் ஈரத்தை அளக்க ஊசி வைத்த கருவி ஒன்று வாங்கி, ஈரம் இருந்த கட்டைகளைத் திருப்பி அனுப்பினேன். சாம்பலுக்கு மூடி போட்ட இரும்பு வாளி வாங்கி, வீட்டுக்கு வெளியே, சுவரை விட்டுத் தள்ளி வைத்தேன். (சாம்பலுக்குள் தணல் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். ஜமால் அதை பேப்பர் பையில் அள்ளி கராஜில் வைக்கப் போனார். நான் மட்டும் பார்த்திருக்காவிட்டால் கராஜ் இல்லை.)

அடுப்பு அருமையாக எரிந்தது. கண்ணாடியில் கரி படியவில்லை, ஹாலில் புகை வாடைகூட இல்லை. அந்த நவம்பரில் நோன்பு வந்தது. புது வீட்டில் முதல் நோன்பு திறப்புக்கு எங்கள் வட்டம் முழுவதையும் கூப்பிட்டேன்.

அந்த வட்டத்துக்கு ரஹ்மத் ஆன்ட்டிதான் தலைமை. கீழக்கரைக்காரர். அவர் ஒரு வீட்டை ‘நல்லாருக்கு’ என்றால் எடிசன் ஊர் வரைக்கும் நல்லாருக்கும். உதட்டைச் சுழித்தால் அந்த வீட்டம்மா அடுத்த நோன்புவரை விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே அன்று எல்லாம் சரியாக நடந்தாக வேண்டும் என்பது எனக்கு உயிர்ப் பிரச்சினை.

ஆன்ட்டி வடை சுட்டுத் தருகிறேன் என்று சீக்கிரமே வந்துவிட்டார். சமையலறை அவர் கைக்குப் போனது. மற்றவர்கள் சாயங்காலம் வந்தார்கள். கோட்டுகளையெல்லாம் மாடியில் எங்கள் படுக்கையில் குவித்தார்கள். பிள்ளைகள் மாடிக்கு ஓடினார்கள். பெரியவர்கள் அடுப்பைச் சுற்றி நின்று கையை நீட்டிக் குளிர்காய்ந்தார்கள். நோன்பு திறக்கும் பாங்குக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

“கதவை டக்குனு திறக்கக் கூடாது,” என்று பாடம் எடுத்தேன். “முதல்ல காத்து வர்ற லீவரை முழுசா திறக்கணும். அப்புறம் கதவை விரலளவு திறந்து, கொஞ்சம் வெயிட் பண்ணணும். அப்போ புகையெல்லாம் மேல போயிடும். இப்போ பாருங்க.”

பார்த்தார்கள். கதவு திறந்ததும் புகை மேலே போகவில்லை. என்னைப் பார்த்து வந்தது. பழுப்பு நிறத்தில், மெத்தை தடிமனுக்கு, சாவகாசமாக ஹாலுக்குள் இறங்கியது. கதவைச் சாத்தினேன். அப்போதும் கீழே காற்று போக வேண்டிய துவாரம் வழியாகப் புகை வெளியே வந்தது. இது எந்தப் பாடத்திலும் இல்லை. பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காத தொண்டைகள் எல்லாம் ஒன்றாக இருமின. புகை அலாரம் அலறியது. எங்கள் வீட்டு அலாரம் செக்யூரிட்டிக் கம்பெனியோடு இணைக்கப்பட்டது. அது அலறினால் அவர்கள் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிடுவார்கள்.

ஜமால் ஒரு பெரிய சட்டி நிறையத் தண்ணீரோடு ஓடி வந்தார்.

இங்கேதான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் இரும்பு விரிசல் விடும், கண்ணாடி வெடிக்கும், நீராவி முகத்தில் அடிக்கும். தீ பெட்டிக்குள்தான் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். ஆபத்து புகையில்தான். இதையெல்லாம் விளக்க நேரமில்லை. ஆகவே, “தண்ணி ஊத்தாதீங்க. எரியட்டும், விடுங்க. எல்லாரும் வெளிய போங்க,” என்றேன். மூன்று வாக்கியங்கள். மூன்றும் சரி. ஜனங்கள் முதலையும் கடைசியையும் தூக்கிப் போட்டுவிட்டு, நடுவில் இருந்ததை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

பிள்ளைகள் திமுதிமுவென்று இறங்கி ஓடினார்கள். அப்போது ஒரு பெண், “என் புள்ள மேல தூங்குது,” என்றாள். கைக்குழந்தை. கோட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தாள்.

நான் படியேறினேன். புகை எனக்கு முன்னாலேயே மாடிக்குப் போயிருந்தது. அந்தப் படிக்கட்டில் நான் இன்ஜினியராக இல்லை. வாயில் துப்பட்டாவை அமுக்கிக்கொண்டு, தெரிந்த துஆவையெல்லாம் பாதி பாதியாகச் சொல்லிக்கொண்டு போனேன். அறைக் கதவு சாத்தியிருந்ததால் உள்ளே புகை அதிகமில்லை. அத்தனை அலறலிலும் குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. யாருடைய கோட்டிலோ சுற்றித் தூக்கிக்கொண்டு திரும்பினால், என் மகள் சஃபியா வாசலில் நிற்கிறாள். எனக்குப் பின்னாலேயே ஏறி வந்திருக்கிறாள்.

“உம்மா, ஆர் வி கோயிங் டு டை?”

“இல்லடா. கீழ போறோம். என் சட்டையைப் பிடிச்சுக்க.”

கீழே வந்து குழந்தையை அதன் அம்மாவிடம் கொடுத்தேன். அதைப் பற்றி இன்றுவரை யாரும் ஜோக் சொன்னதில்லை, அது வேறு விஷயம்.

வெளியே எல்லாரும் கோட்டு இல்லாமல் புல்தரையில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ரஹ்மத் ஆன்ட்டி மட்டும் கைப்பையைக்கூட விட்டுவிட்டு, நோன்புக் கஞ்சிப் பானையைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். தீயணைப்பு வண்டி வந்தது. பெரிய பூட்ஸ் போட்டவர்கள் உள்ளே போனார்கள். யாரோ கடிகாரத்தைப் பார்த்து, “டைம் ஆயிடுச்சு,” என்றார். கஞ்சி இருக்கிறது, குடிக்கக் கப் இல்லை.

ஆன்ட்டி தயங்கவே இல்லை. வாசலில் நின்ற தீயணைப்பு கேப்டனைப் பார்த்து, “சார், பேப்பர் கப், கிச்சன் கவுன்ட்டர். டேட்ஸ் ஆல்ஸோ,” என்றார். அந்த மனிதர் உள்ளே போய், ஹெல்மெட்டும் கையுமாகப் பேரீச்சம்பழத் தட்டையும் கப் அடுக்கையும் எடுத்து வந்தார். சிவப்பு விளக்கு சுழல, எங்கள் புது வீட்டின் முதல் நோன்பைத் தெருவே பார்க்கத் திறந்தோம். கேப்டன் இரண்டு கப் கஞ்சி குடித்தார்.

உள்ளே ஜன்னலைத் திறக்கப் போனவர்கள் எதையோ டர்ரென்று கிழிக்கும் சத்தம் கேட்டது.

“அடடா, காலையிலதான் ஒட்டினேன்,” என்றார் ஜமால்.

“என்னத்த ஒட்டினீங்க?”

“பிளாஸ்டிக் ஷீட். எல்லா ஜன்னலுக்கும். நீ மட்டன் வாங்கப் போயிருந்தப்ப. குளிர் வரக் கூடாதுன்னு. சர்ப்ரைஸ்.”

அதே நேரம் சமையலறையிலிருந்து ‘ஹோ’ என்ற இரைச்சல் காதில் விழுந்தது. சமையல் அடுப்புக்கு மேலே இருக்கும் புகை உறிஞ்சும் ஃபேன். பழைய வீட்டுக்காரர் ஹோட்டலுக்குப் போடுவது போல ஒரு ராட்சதனை மாட்டியிருந்தார். நான் அதை முழு வேகத்தில் வைத்ததே கிடையாது.

“ஆன்ட்டி, நீங்களா போட்டீங்க?”

“ஆமா புள்ள. கோட்டுல எண்ண வாட ஏறிடுமுல்ல.”

எனக்கு விளங்கிவிட்டது. ஃபேன் வீட்டுக் காற்றையெல்லாம் வெளியே தள்ளுகிறது. ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று உள்ளே வர ஜமால் விடவில்லை. பாக்கி இருந்த ஒரே வழி என் புகைபோக்கி. அதன் வழியாகக் காற்று கீழே இறங்கியது, புகையோடு. இதை அந்தப் புல்தரையில் நின்று, கையால் படம் போட்டு விளக்கினேன். குளிரில் கஞ்சிக் கப்பைக் கட்டிப்பிடித்திருந்தவர்களிடம் காற்றழுத்தம் பற்றிப் பேசினேன்.

ஆன்ட்டி பொறுமையாகக் கேட்டார். பிறகு குரல் தழுதழுக்க, “அப்போ நான் வடை சுட்டதுதான் தப்புங்கிறியாம்மா?” என்றார்.

முடிந்தது. வந்திருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். கேப்டன் கிளம்பும்போது, அடுத்த முறை ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். ஒட்டினவரிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். ஜமால் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

அன்றிலிருந்து எங்கள் வட்டத்தில் யார் வீட்டில் நோன்பு திறக்கப் போனாலும் இதே கதை. ‘எல்லாரும் வந்தாச்சா?’ என்று வீட்டம்மா கேட்பார். ‘ஃபயர் இன்ஜின் இன்னும் வரல,’ என்று யாராவது சொல்வார்கள். சோறு தீய்ந்தால், ‘எரியட்டும், விடுங்க’ என்பார்கள். நான் சிரித்துக்கொண்டே பல்லைக் கடிப்பேன்.

போன வருடம் சஃபியாவுக்குச் சம்பந்தம் பேச ஹூஸ்டனிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அவர்களை அதற்கு முன் நாங்கள் பார்த்ததே இல்லை. எங்கள் வட்டத்தோடு எந்தத் தொடர்பும் கிடையாது. மாப்பிள்ளையின் அம்மா சோபாவில் அமர்ந்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, ஹாலைச் சுற்றிப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு என்னிடம் கேட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. ஜன்னல் ஏதாவது திறந்திருக்குல்ல?”

நான் ஜமாலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வெகு கவனமாகச் சமோசாவைப் பிட்டுக்கொண்டிருந்தார்.