சிமெண்ட் ஆலையில் சின்ன வெங்காயம்

உலகமே பதிலைத் தேடி அலையும்போது, ஒரு கேள்வி கிடைத்தாலே வயிறு நிறைந்துவிடும் மனிதர் ஒருவர்தான். அவரை எங்கள் ஆலையில் ‘எதுக்குங்க’ என்று கூப்பிடுவோம்.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை. லாரிகளில் மூட்டை ஏற்றி அனுப்பும் பிரிவுக்கு நான் மேலாளர். ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. அதிகாரிகளுக்கு வேண்டிய விவரமெல்லாம் தினமும் காலையில் கம்ப்யூட்டர் திரையில் வந்து நிற்க வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. யாருக்கு என்ன விவரம் வேண்டும் என்று கேட்டு எழுத, ஒப்பந்தத்தில் ஒருவர் வந்தார். வேப்பந்தட்டைக்காரர். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினால், ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே முதல் கேள்வி வெளியே வந்துவிடும்.

“போன வருஷம் இதே தேதியில எத்தனை லோடு போச்சுன்னு வேணும்யா” என்றேன்.

“எதுக்குங்க?”

“தெரிஞ்சுக்கத்தான்.”

“தெரிஞ்சுக்கிட்டு?”

“தெரிஞ்சுக்கிட்டா தெரிஞ்ச மாதிரி இருக்கும்ல?”

“அதைப் பாத்துட்டு நாளைக்குக் காலைல எதை மாத்திப் பண்ணுவீங்க சார்?”

பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பார். பதில் வராவிட்டால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சுழி விழும். கேன்டீனில் ஒருநாள், “இன்னும் ரெண்டு இட்லி வைக்கவா?” என்று கேட்டவரிடமும் பழக்க தோஷத்தில் “எதுக்குங்க?” என்றுவிட்டார். அதன்பின் ஒரு வாரத்துக்கு அவர் பக்கம் இட்லித் தட்டு வரவேயில்லை.

நான் மட்டும் நாற்பத்திரண்டு விவரங்கள் கேட்டிருந்தேன். அவர் மறுக்கவில்லை. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் கட்டம் போட்டு, பென்சிலால் நிரப்பி, காலை எட்டு மணிக்கு எல்லார் மேஜையிலும் வைத்தார். “துணிய வெட்டறதுக்கு முன்னாடி அளவு பாக்கணுமுங்களே, ஒரு வாரம் இதைப் போட்டுப் பாருங்க” என்றார். நாங்களும் தினமும் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினோம்.

ஒன்பதாம் நாள் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

“நேத்து பதினாலு லோடு சின்ன வெங்காயம் போயிருக்குங்க.”

ஆலைத் தலைவர் நிமிர்ந்தார். “சிமெண்ட் ஆலையில ஏதுய்யா வெங்காயம்?”

“அதாங்க எனக்கும் புரியல. எட்டு நாளா போயிட்டிருக்கு. எட்டு நாளும் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

தலைவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. என் நாற்பத்திரண்டு அன்றே ஒன்பதாகச் சுருங்கியது.

பிறகு அவர் லாரிகள் நிற்கும் மைதானத்துக்குப் போனார். எந்த அதிகாரியும் அங்கே போய் உட்கார்ந்ததில்லை. இவர் டிரைவர்களோடு லாரி நிழலில் உட்கார்ந்தார். ஒரு டிரைவர் சொன்னாராம்: “ஏழு மணிக்கு உள்ள வந்தேங்க. சோறு ஆக்கித் தின்னு, துணி தொவச்சு, காயப்போட்டு, மடிச்சும் வச்சுட்டேன். இன்னும் லோடு ஏறல.”

நேராக என்னிடம் வந்தார். “வண்டி உள்ள வந்து வெளிய போறவரைக்கும் எங்கெங்க எவ்வளவு நேரமாவுதுன்னு ஒண்ணு சேத்துக்கலாமுங்களா?”

“எதுக்கு?” என்றேன். அந்தக் கேள்வியை அவரிடம் நான் கேட்டது அன்றுதான்.

“எங்க லேட்டாவுதுன்னு தெரியுமுங்கல்ல?”

எனக்கு முன்பே தெரியும். என் மேஜையில்தான். லோடு ஏற்ற என் கையெழுத்துள்ள சீட்டு வேண்டும். நான் சீட்டுகளைச் சேரவிட்டுப் பதினோரு மணிக்கு, டீ குடித்தபின் மொத்தமாகப் போடுவேன். மேஜையில் குவியல் இருந்தால்தான் பெரிய அதிகாரி மாதிரி இருக்கும் என்று ஒரு நினைப்பு. அவருடைய நோட்டில் ‘தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

திரை ஓடத் தொடங்கி இரண்டு மாதத்தில், காத்திருந்து சலித்த டிரைவர்கள் வாசலை மறித்து லாரிகளை நிறுத்திவிட்டார்கள். அவசரக் கூட்டம். “எல்லாம் திரையில இருக்கு, இது மட்டும் ஏன் இல்ல?” என்று தலைவர் கத்தினார்.

நான் முந்திக்கொண்டேன். “எங்கிட்ட அவரு கேக்கவே இல்ல சார்.”

அந்த நோட்டு அவர் மடியில் இருந்தது. என்னை ஒருமுறை பார்த்தார். நோட்டைத் திறக்கவில்லை. “விட்டுப்போச்சுங்க” என்றார். சாயங்காலத்துக்குள் ஒப்பந்தம் ரத்து. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளிலிருந்து சீட்டு வந்தவுடன் கையெழுத்துப் போட்டேன். லாரிகள் வேகமாக நகர்ந்தன. என்னைப் பாராட்டினார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

இந்த வருஷம்தான் தெரிந்தது, பெரம்பலூரில் மக்காச்சோள விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனியில் அவர் அதே வேலை பார்க்கிறார் என்று. பஸ் ஏறிப் போனேன். அரும்பாவூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா அவரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார்.

“மழை எப்ப வரும்னு காட்டச் சொன்னா எதுக்குங்கறியே, வெதைக்கத்தான்யா! வேடிக்கை பாக்கவா?”

அவர் முகம் மலர்ந்து எழுதிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் எந்த அதிகாரியும் அவருக்கு இப்படி ஒரு பதில் தந்ததில்லை.

அந்த அம்மா போனபின் கேட்டேன். “நோட்டைத் திறந்திருக்கலாமேய்யா?”

“தொறக்கத்தான் கை போச்சுங்க. அந்த வாரம்தான் பொண்ணு கல்யாணப் பத்திரிகை வச்சீங்க. கணக்குப் பிரிவுல இருந்த உங்க சம்பந்தியும் அதே கூட்டத்துல உக்காந்திருந்தாரு.” பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். “நாலு மாசம் வேலை இல்லாமக் கஷ்டப்பட்டேங்க. உங்க மேல கோவமும் இருந்துச்சு. இல்லேன்னா பொய்யி.”

நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை. முடிந்ததும், “சாப்டீங்களா சார்?” என்று கேட்டார்.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் யாராவது இந்தப் பத்திரிகையைப் படித்தால், அவர்களுக்காக எழுதுகிறேன்: அவர் கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன்.

இப்போது மாதம் ஒருமுறை பெரம்பலூர் பஸ் ஏறுகிறேன். அந்த ஊரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அவர் இருக்கிறார்.