பத்துக்கு நாலு புள்ளி மூன்று

மனித குலத்தை முன்னேற்றியவை மூன்று: நெருப்பு, சக்கரம், தசமப்புள்ளி. முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவதை யார் கண்டுபிடித்திருந்தாலும் சரி, அதற்கு ஒழுங்கான வேலை வாங்கிக் கொடுத்தவர், மணிலாவை ஒட்டிய மரிகினா நகரில் குளியலறை ஓடுகள் விற்கும் கடையின் மேலாளர் திரு. கிரிசாந்தோ தபாலான் அவர்களே. ஊரார் வாயில் சாந்தோ.

பகலில் அவர் ஓடு விற்றார். மீதி நேரத்தில் உலக அனிமேஷன் சினிமாவை நிர்வகித்தார். படம் பார்ப்பார், பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார், ஏன் அத்தனை என்று 'தராசு' என்ற தன் இணையப் பக்கத்தில் விளக்குவார். இதைச் செய்யச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை. பெரிய சேவைகள் எல்லாமே யாரும் கேட்காமல் செய்யப்பட்டவைதானே.

'ஏழு' என்று மொட்டையாக மதிப்பெண் போடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. 7.2-க்கும் 7.3-க்கும் நடுவில்தான் நாகரிகம் குடியிருக்கிறது என்பார். தலைமுடி காற்றில் பறக்கும் விதத்துக்குத் தனி மதிப்பெண், கண்ணீர் உருளும் விதத்துக்குத் தனி. மிருகம் பேசினால் கால் குறைப்பு, பாடினால் அரை. பேசி, பாடி, கடைசியில் நட்பின் அருமையையும் விளக்கிவிட்டால் அந்த இயக்குநரை ஆண்டவர்தான் காப்பாற்ற வேண்டும். 'தராசு' தொடங்கிய நாளிலிருந்து அவர் போட்ட அதிகபட்ச மதிப்பெண் 8.9. அதைப் போட்ட வாரம் அவருக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

மரிகினாவில் பிள்ளை குட்டிக்காரர்கள் 'தராசு' பார்க்காமல் திரையரங்குப் பக்கம் போவதில்லை. ஆறுக்குக் கீழே வந்தால் பிள்ளைகள் வீட்டிலேயே அழுதுகொள்ள வேண்டியதுதான். இப்படிப்பட்ட மனிதருக்குச் சோதனை வந்தது. அது கைக்குழந்தை ரூபத்தில் வந்தது.

வென்சி அவருடைய பள்ளிக்கூட நண்பன். படம் வரைகிற கம்பெனி ஒன்றில் வெளிநாட்டுப் படங்களுக்கு வரைந்துகொண்டிருந்தவன், திடீரென்று வேலையை விட்டுவிட்டு, வீட்டு மாடியில் நாலு நண்பர்களோடு உட்கார்ந்து சொந்தமாக ஒரு முழுநீளப் படம் வரைந்தான். வருடங்கள் ஓடின. படம் முடிகிற நேரத்தில் அவன் மனைவி ஜெனலினுக்கு ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. வென்சி நேரே ஓட்டுக் கடைக்கு வந்தான்.

"டேய் சாந்தோ, நீதான் நினோங்."

நினோங் என்றால் ஞானத்தகப்பன். திருமுழுக்கு நாளில் குழந்தையின் பக்கத்தில் நின்று, குழந்தை சொல்ல வேண்டியதை எல்லாம் அதற்குப் பதிலாகச் சொல்கிறவர். கேட்டால் மறுக்கக் கூடாது. மறுத்தால் குழந்தைக்கு ஆகாது என்பது அங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். சரி என்று சொன்ன நிமிடத்திலிருந்து பிள்ளையைப் பெற்றவனும் நினோங்கும் ஒருவருக்கொருவர் 'பாரே'. கூடப் பிறந்தவனைக்கூடத் தள்ளி வைக்கலாம், பாரேயைத் தள்ளி வைக்க முடியாது.

"சரிடா" என்றார் சாந்தோ. வேறென்ன சொல்வார்?

படம் வெளியாவதற்கு முன், தெரிந்தவர்களுக்காக ஒரு காட்சி போட்டார்கள். கதை சின்னது. ஆற்றில் வெள்ளம் வருகிறது. ஒரு சிறுமியும் அவளுடைய கோழியும் கூரைமேல் ஏறிக்கொள்கிறார்கள். கோழி பேசாது. பாடவும் பாடாது. இருட்டத் தொடங்கியதும் சிறுமி ஒவ்வொரு வீட்டுக்காரரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு கூரையிலிருந்தும் "இருக்கேன்" என்று குரல் வருகிறது. ஒரு வீட்டிலிருந்து மட்டும் வரவில்லை. அவள் மறுபடி கூப்பிடுகிறாள். மறுபடியும் கூப்பிடுகிறாள்.

மரிகினாவில் கூரைமேல் உட்காராத குடும்பம் எது? சாந்தோவும் உட்கார்ந்திருக்கிறார். திரையில் அந்தப் பிள்ளை நாலாவது தடவை கூப்பிட்டபோது, தலைமுடிக்கும் கண்ணீருக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுகிற அந்த மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். தனக்குள் ஓர் எண் உருவாவதையும் அவர் உணர்ந்தார். 9.6.

வெளியே வென்சி நின்றிருந்தான்.

"எப்படிடா இருந்துச்சு?"

"விமர்சகன் வாயால சொல்ல மாட்டான். எழுத்துலதான் சொல்வான்."

"கண்ணெல்லாம் செவந்திருக்கு?"

"ஏசி ஜாஸ்தி."

வென்சி சிரித்தான். "ஒண்ணும் கூட்டிச் சொல்ல வேணாம். பாத்தத எழுது, அது போதும். ஞாயித்துக்கிழமைக்குள்ள பாதி சீட்டாவது நெறஞ்சாதான் அடுத்த வாரமும் ஓட்டுவாராம் தியேட்டர் மேனேஜர். இல்லன்னா இதே வாரம் வர்ற வெளிநாட்டுப் படத்துக்குத் தூக்கிக் குடுத்துருவாரு. அதோட முடிஞ்சுது. அப்புறம் எந்த ஊர்லயும் எடுக்க மாட்டாங்க."

"நான் பாத்துக்கறேன்" என்றார் சாந்தோ. அந்த நேரத்தில் அதை மனசாரத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தவர், வழக்கம்போல முதலில் தன் பக்கத்தில் வந்திருந்த பின்னூட்டங்களைப் படித்தார். திருமுழுக்கு அழைப்பிதழை ஜெனலின் இணையத்தில் போட்டிருந்தாள். நினோங் என்ற இடத்தில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதை எடுத்து 'தராசில்' ஒட்டி, கீழே யாரோ ஒரு வரி எழுதியிருந்தார்கள்: "பாரே படத்துக்குப் பத்துக்குப் பதினொண்ணு பார்சல்!" எழுதியவருக்கு முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூனைப் படம் இருந்தது.

சாந்தோவுக்கு வியர்த்துவிட்டது. அவருடைய நேர்மையை ஒரு பூனை சந்தேகித்துவிட்டது.

"படம் நல்லா இருந்துச்சா இல்லையா?" என்று கேட்டாள் அவர் மனைவி மரிவிக், துணி மடித்துக்கொண்டே.

"இருந்துச்சு."

"அப்ப நல்லா இருந்துச்சுன்னு எழுது."

"உனக்கு அது புரியாது மரிவிக். இது விமர்சனம்."

"எது, நல்லா இருந்தத நல்லா இருக்குன்னு சொன்னா விமர்சனம் இல்லையா?"

"வெளியில பாக்கறவன் என்ன நெனைப்பான்?"

"வெளியில பாக்கறவன் படத்தப் போய்ப் பாக்கட்டும். உன்ன எதுக்குப் பாக்கறான்?" என்று சொல்லிவிட்டு அவள் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நிர்வாகச் சிக்கல்களைப் பெண்களிடம் விவாதிப்பதில் பயனில்லை என்று சாந்தோ முடிவு செய்தார்.

மறுநாள் மாலை, கடைத்தெருக் கஞ்சிக்கடையில் 'தராசு' நெறிமுறைக் குழுவின் அவசரக் கூட்டம் கூடியது. குழுவில் இரண்டு பேர். ஒருவர் சாந்தோ. மற்றவர் அட்டர்னி. வழக்கறிஞர் தேர்வு எழுதி எழுதித் தேறாதவர்தான், ஆனாலும் எழுதிய முயற்சிக்காகவே ஊர் அவரை அட்டர்னி என்று கூப்பிட்டது. கூட்டம் தொடங்குவதற்கு முன் அவர் அவித்த முட்டையோடு கஞ்சி சொன்னார். செலவு தலைவருடையது.

"உண்மையான மார்க் என்ன?"

சாந்தோ அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒன்பது புள்ளி ஆறு."

அட்டர்னியின் கையிலிருந்த கரண்டி நின்றது. "பாரே படத்துக்கா? உங்களச் சும்மா விடுவாங்களா? மொதல்ல பாரே கழிவு ஒண்ணரை."

"எட்டு புள்ளி ஒண்ணு" என்றார் சாந்தோ. கணக்கில் அவர் புலி.

"அவங்க வீட்டுல சாப்பிட்டிருக்கீங்களா?"

"சின்ன வயசுலேர்ந்து."

"கை நனைச்ச கழிவு ஒண்ணு. படம் பாத்து அழுதீங்களா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமோ நெறையவோ, அழுகை சாட்சியாகாது. அழுதா கண்ணு கலங்கும், கண்ணு கலங்குனா பாத்தது செல்லாது. அதுக்கு ஒண்ணு. வெள்ளம் நம்ம ஊரு வெள்ளமா?"

"ஆமா."

"ஊர்ப்பாசம். புள்ளி எட்டு."

"அஞ்சு புள்ளி மூணுக்கு வந்துட்டமே அட்டர்னி" என்றார் சாந்தோ. "ஆறுக்குக் கீழ போனா ஒருத்தன் போக மாட்டான்."

"பாருங்க, பாருங்க! படம் ஓடணும்னு நெனைக்கிறீங்க. இதுக்குப் பேருதான் பாரபட்சம். அதுக்கு இன்னொரு ஒண்ணு கழிச்சுருவோம்."

4.3. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அட்டர்னி இரண்டாவது முட்டைக்குச் சொன்னார்.

இதே வாரத்தில் வெளியாகவிருந்த வெளிநாட்டுப் படத்தின் மீதும் குழு தன் பார்வையைச் செலுத்தியது என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். அந்தப் படத்தின் சிறப்புக் காட்சிக்கு சாந்தோவை அழைத்திருந்தார்கள். கதாநாயகனான நீர்நாயின் தலை வடிவில் ஒரு டப்பா நிறையப் பாப்கார்ன், தொப்பி, வால் வைத்த சாவிக்கொத்து எல்லாம் கொடுத்தார்கள். நீர்நாய் பேசியது, பாடியது, நட்பின் அருமையையும் விளக்கியது.

"இதுல ஏதாவது கழிவு வருமா?" என்று கேட்டார் சாந்தோ.

"அந்தக் கம்பெனிக்காரனுக்கு உங்களத் தெரியுமா?"

"தெரியாது. அழைப்புல என் பேரையே தப்பாத்தான் போட்டிருந்தான்."

"அப்ப எந்த ஒட்டும் இல்ல உறவும் இல்ல. முழு மார்க்கும் செல்லும்."

நீர்நாய்க்கு 8.7 கிடைத்தது.

வியாழக்கிழமை விமர்சனம் வெளியானது. வென்சியின் படத்தைப் பற்றி சாந்தோ ஒரு கெட்ட வார்த்தைகூட எழுதவில்லை. 'உள்ளூர் இளைஞர்களின் நல்ல முயற்சி' என்று எழுதினார். கொலை செய்ய இதைவிடச் சுத்தமான ஆயுதம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. 'கோழியின் இறகுகளில் இன்னும் ஆழம் இருந்திருக்கலாம்' என்றார். 'வளரட்டும்' என்று முடித்தார். பேர் சொல்லிக் கூப்பிடுகிற காட்சியைப் பற்றி மட்டும் எதுவும் எழுதவில்லை. நாலு தடவை எழுதிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வாக்கியம் பாராட்டாகவே வந்து நின்றதால் அடித்துவிட்டார்.

பின்னூட்டங்கள் குவிந்தன. "சொந்தப் பாரே படத்துக்கே 4.3! மனுஷன்னா இவர்தான்!" "நம்ம நாட்டுல இப்படி ஒருத்தரா?" பூனைகூட ஒரு கைதட்டல் போட்டது. ஒரு வானொலிக்காரர், 'உறவும் நடுநிலையும்' என்ற தலைப்பில் பேச வரச் சொன்னார். அந்த வாரம் மரிகினாவில் நேர்மைக்கு நல்ல கூட்டம். படத்துக்குத்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கடைசிக் காட்சியில் வென்சியின் மாமியார் வீட்டு ஆட்களும், ஏசிக்காக வந்து உட்கார்ந்த இரண்டு காதலர்களும் இருந்தார்கள். திங்கள் காலை மேனேஜர் வருத்தம் தெரிவித்தார். மதியம் அந்த அரங்கத்தில் நீர்நாய் பாடிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு திருமுழுக்கு. சாந்தோ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். அது அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, எந்த மதிப்பெண்ணும் சொல்லாமல் தூங்கிவிட்டது.

"சாத்தானையும் அவனுடைய பொய்களையும் விட்டுவிடுகிறீர்களா?" என்று கேட்டார் பாதிரியார்.

"விட்டுவிடுகிறேன்" என்றார் சாந்தோ. பின்வரிசை வரைக்கும் கேட்டது.

சாப்பாடு வென்சியின் வீட்டில். நூடுல்ஸும், லும்பியா என்கிற பொரித்த சுருள்களும், மொறுமொறுவென்று சுட்ட பன்றியும் இருந்தன. ஜெனலின் சாந்தோவுக்கு முதல் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு முகச்சுளிப்பு இல்லை. "நல்லா சாப்பிடுங்க நினோங்" என்றாள். திட்டியிருந்தாலாவது சாந்தோவுக்குச் சோறு இறங்கியிருக்கும். அவர் தட்டோடு மாடிக்கு ஏறினார். வென்சி வரைமேசைகளைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டிருந்தான்.

"வென்சி."

"சொல்லுடா."

"படம்... வேற எவனாவது எடுத்திருந்தா நான் ஒன்பதுக்கு மேல போட்டிருப்பேன்டா. சத்தியமா. மனசுல ஒன்பது புள்ளி ஆறு வச்சிருந்தேன். உன் பேரு அதுல இருந்ததாலதான்..."

வென்சி மேசையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தான். அப்புறம் அவர் தட்டிலிருந்து ஒரு லும்பியாவை எடுத்துக் கடித்தான்.

"பழைய கம்பெனியில மறுபடி கூப்பிட்டுட்டாங்க. நாளைக்கிச் சேர்றேன். பெரிய வெளிநாட்டுப் படம். பாதிப் படம் நாங்கதான் வரையப்போறோம்."

"அப்படியா! ரொம்பச் சந்தோஷம்டா!" சாந்தோவுக்கு மூச்சு வந்தது. "எப்ப வருது?"

"அடுத்த கிறிஸ்மஸுக்கு" என்றான் வென்சி. "அதுக்குத் தாராளமா மார்க் போடு, பாரே. பயப்படாத. அதுல என் பேரு எங்கயும் வராது."