செத்த வெள்ளைக்காரனின் கோட்டு

எங்கள் கடலோர அக்ராவின் பழந்துணிச் சந்தையில் போன மாதம் திடீரென்று வெள்ளைக்காரப் பேய்கள் பெருகிவிட்டன.

கப்பலில் வரும் துணிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘செத்த வெள்ளைக்காரன் துணி’. இவ்வளவு நல்ல சட்டையை உயிரோடிருப்பவன் எவனாவது தூக்கிப் போடுவானா என்று நாங்களே கட்டிய கதை. அந்தப் பெயரையே முதலாக்கிக் கடை விரித்தார் தீர்க்கதரிசி ஒபிரி.

செத்தவன் துணியை விட்டு லேசில் போகமாட்டானாம். மந்திர எண்ணெய் தெளித்து ஓட்ட வேண்டுமாம். எங்கள் ஊர்ப் பணத்தில் சட்டைக்கு இருபது சீடி, கோட்டுக்கு நாற்பது. பேய்க்கும் அளவு உண்டு போலிருக்கிறது! வரிசை மீன்கடை வரை நின்றது.

இதில் மாட்டிக்கொண்டவள் ஜிஃபா. விலைபோகாத கிழிசல்களை வெட்டி இணைத்துப் புது உடை தைப்பவள். "அவ கோட்டு ஒண்ணுக்குள்ள அஞ்சு பொணம் இருக்கு!" என்றார் ஒபிரி. அதோடு அவள் கடைப்பக்கம் ஈ காக்கை வரவில்லை. தையல் இயந்திரத்தையே விற்கும் நிலை வந்துவிட்டது. பாவம்!

வெள்ளிக்கிழமை ஒரு கோட்டோடு அவளும் வரிசையில் நின்றாள். கோட்டின் கழுத்தில் லண்டன் கடை முத்திரை.

ஒபிரி அதைத் தொட்டார். துள்ளினார். கண்ணைச் செருகினார். "லண்டன் கெழவன்! பனியில வழுக்கி விழுந்து செத்தவன்! போகமாட்டேங்கிறான்... அறுபது ஆகும்!"

"நல்லாப் பாருங்க பாஸ்டர். செத்தவன்தானா?"

"பொதைச்சு மூணு வருஷம் ஆச்சும்மா!"

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்றாள். கென்கே உருண்டை தின்றுகொண்டிருந்த அவள் புருஷன் யாவோ வந்தான். கோட்டைப் பார்த்ததும் அலறினான்: "அடியே, இது என் கால்சட்டை! ரெண்டு நாளாத் தேடுறேன்!"

"நான் தெச்சுக் குடுத்த கால்சட்டை, நானே வெட்டினேன். லண்டன் முத்திரையும் நான் ஒட்டினதுதான்." கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். எங்கள் ஊர் மாவு மூட்டைத் துணி. ‘ஐம்பது கிலோ’ அச்சுகூட அழியவில்லை.

"பேய்... எடம் மாறியிருக்கும்..." என்று இழுத்தார் ஒபிரி.

"மாவு மூட்டைக்கா மாறுச்சு? என் நாப்பது சீடியக் கீழ வைய்யா!" என்று பாய்ந்தாள் மீன்காரி அக்வெலே. ஒபிரி எண்ணெயை விட்டுவிட்டு ஓடினார். அவள் மோந்து பார்த்தாள். "பாமாயில். மீன் வறுக்கலாம்."

அன்று சாயங்காலமே ஜிஃபா நாலு கோட்டு விற்றாள்.

கப்பலில் துணி அனுப்பும் அந்த வெள்ளைக்காரன் சாகவேயில்லை, மக்களே. இரண்டு தடவை உடுத்தினான், அலுத்துவிட்டது. தருமம் செய்த திருப்தியோடு நம் தலையில் கட்டிவிட்டுப் புதுசு வாங்கப் போய்விட்டான். விலைபோகாத மூட்டைகள் நம் கடற்கரையில் மக்காமல் கிடக்கின்றன. இல்லாத பிணத்தை ஓட்ட நாற்பது சீடி கொடுத்தோம். உயிரோடிருப்பவனைப் பார்த்து, "உன் குப்பைக்கு என் ஊர்தானா கிடைத்தது?" என்று கேட்க ஒரு சீடிகூட ஆகாதே!