சுல்தானின் பத்து நாள் மருந்து

அதிகம் படிக்காதவனுக்கு ஒரு வியாதி உண்டு. எல்லாம் தெரிந்தவன் மாதிரியே பேசுவான். அதிகம் படித்தவர்களுக்கும் இதே வியாதிதான். அவர்களிடம் சர்டிபிகேட் இருப்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. நான் ஐந்தாம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை. (ஜுரம். நம்புங்கள்.) இன்று டெல்லியில் எனக்கு மூன்று டென்ட் ஹவுஸ். எண்ணூறு பேர் வருகிற கல்யாணத்துக்கு ஷாமியானா, மேடை, நாற்காலி எல்லாவற்றையும் ஒரே பகலில் நிறுத்திக் காட்டுவேன். ஒருமுறை சூறைக்காற்றில் நான் போட்ட பந்தல் அசையவில்லை. மாப்பிள்ளைதான் கொஞ்சம் ஆடினார். இப்பேர்ப்பட்டவனை மண்ணைக் கவ்வ வைத்தது ஒரு நாய். அந்தக் கதையை நானே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி பேச்சியம்மாள் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

ஆசியாட் விளையாட்டுக்காக ஊர் முழுக்கத் தோண்டிப் போட்டிருந்த சமயம். நான் சர்க்கார் ஆபீஸில் பியூன். பெயருக்குத்தான் ஆபீஸ், வேலை முழுக்கச் சாணக்யபுரியில் ஐயா வீட்டில். ஐயா எங்கள் திருநெல்வேலிப் பக்கம். பெரிய அதிகாரி. ஐயாவுக்கும் அம்மாவுக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை; பேச்செல்லாம் சுல்தானோடுதான். சுல்தான் ஓர் அல்சேஷன். என்னைவிட நன்றாக இங்கிலீஷ் புரியும்.

ஐயாவின் தங்கை மகள் கல்யாணத்துக்கு இருவரும் ஊருக்குக் கிளம்ப வேண்டிய வாரத்தில் சுல்தானுக்கு இருமல் வந்தது. கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு பஞ்சாபி லேடி டாக்டர். சிவப்பும் கறுப்புமாக இருபது காப்ஸ்யூல் கொடுத்தார்.

“தினம் ரெண்டு. பூரே தஸ் தின், முழுசாப் பத்து நாள். இருமல் நின்னாலும் நிறுத்தக் கூடாது. பத்து நாளும் வேற நாய்ங்க பக்கமே போகக் கூடாது. இது ஒட்டுற இருமல்.”

ரயிலேறும்போது ஐயா இன்னொரு தடவை சொன்னார். “ஏல மாரி, பத்து நாளுன்னா பத்து நாளு. கேட்டியா?”

“நீங்க கவலையில்லாம போய்ட்டு வாங்கய்யா. எனக்கு மருந்தைப் பத்திச் சொல்லணுமாக்கும்?”

மருந்து விஷயத்தில் எனக்குப் பெரிய பெயர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் எல்லார் வீட்டிலும் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். சர்க்கார் டிஸ்பென்சரியில் ஐந்து நாள் மாத்திரை தருவார்கள். இரண்டு நாளில் உடம்பு சரியாகிவிடும். மிச்சம் பாட்டிலுக்குள் போகும். யாருக்காவது தலைவலி, பேதி என்றால் பாட்டிலைக் குலுக்கி, நிறம் பார்த்துக் கொடுப்போம். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையிலேயே என் பாட்டில்தான் பெரிது.

நான்காம் நாள் சுல்தானின் இருமல் நின்றது. இட்லிக்குள் வைத்துக் கொடுத்த எட்டுக் காப்ஸ்யூலில் வேலை முடிந்துவிட்டது. விருந்தாளி ரயிலேறிப் போன பிறகு யாராவது பிளாட்பாரத்தில் நின்று கையாட்டுவார்களா? மீதிப் பன்னிரண்டையும் பாட்டிலில் போட்டேன்.

“பத்து நாளுன்னு சொன்னாகள்லா?” என்றாள் பேச்சியம்மாள்.

“அது படிச்சவன் கணக்குடி. நாம அனுபவத்துல போறோம்.”

மறுநாள் காலை நேதாஜி நகர் சுந்தரம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா ஒரு ஆபீஸில் ஹெட்கிளார்க். வாராவாரம் எனக்குத் தமிழ்ப் பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டும் புண்ணியவான். அன்று குரலே எழும்பவில்லை.

“தொண்டை கட்டிண்டுடுத்துடா மாரி. ஞாயித்துக்கிழமை நம்மாத்துல பஜனை. நான்தான் பாடணும்.”

என் பாட்டில் இருக்கும்போது மாமா கஷ்டப்படலாமா? பன்னிரண்டு காப்ஸ்யூலையும் கொண்டுவந்து கொடுத்தேன்.

“யாருடா டாக்டர்?”

“பெரிய லேடி டாக்டர் மாமா. சாணக்யபுரியில பெரிய பெரிய வீட்டுக்கெல்லாம் அவங்கதான்.”

(இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.)

அன்று சாயங்காலம் சுல்தானை பார்க்குக்கு அழைத்துப் போனேன். அந்த பார்க்கைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: பங்களா நாய்களை என்னைப் போன்ற வீட்டு வேலை பியூன்கள், அதாவது ஆர்டர்லிகள், கூட்டிவரும் இடம். நாயின் எஜமானர் எவ்வளவு பெரிய அதிகாரியோ அவ்வளவு பெரிய மனிதன் சங்கிலியைப் பிடித்திருப்பவன். நான் போனால் பெஞ்சில் நடு இடம் எனக்கு. நாலு நாளாக அந்த இடத்தில் எதிர் பங்களா பகதூர் உட்கார்ந்திருந்தான். அதை எப்படிப் பொறுப்பது?

“கான்ஸி டீக் ஹோ கயா?” என்றான் பகதூர், தன் பொமரேனியனை இழுத்துப் பிடித்தபடி. இருமல் சரியாகிவிட்டதா என்று.

“என் கைபட்ட வைத்தியம், பையா. விடு, விளையாடட்டும்.”

விட்டான். எல்லாரும் விட்டார்கள். குழாயடித் தொட்டியில் எட்டு நாய்கள் ஒன்றாகத் தண்ணீர் குடித்தன. நான் நடு பெஞ்சில் உட்கார்ந்து மருத்துவப் பிரசங்கம் செய்தேன்.

அதிலிருந்து நாலாவது நாள் பார்க்கில் ஓர் இருமல் கேட்டது. பிறகு இன்னொன்று. சனிக்கிழமை அங்கே இந்திய சர்க்காரே இருமுவது போல் இருந்தது. ஞாயிறு காலை சுல்தான் எழுந்திருக்கவில்லை. உடம்பு கொதித்தது. மூச்சு விலா எலும்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இட்லியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அந்தப் பிள்ளை செத்துட்டா அம்மா மொகத்துல எப்படி முழிப்பிய?” என்றாள் பேச்சியம்மாள். பாட்டிலைக் குலுக்கினேன். சிவப்பு கறுப்பில் ஒன்றுகூட இல்லை.

சைக்கிளை மிதித்தேன். மாமா வீட்டு ஹாலில் நாற்பது பேர். மாமா கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார், கணீரென்ற குரல். பக்கத்தில் குனிந்து காதோரம் சொன்னேன். தாளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார்.

“என்னடா? உரக்கச் சொல்லு.”

“மாமா, அந்தக் காப்ஸ்யூலைத் திருப்பிக் குடுங்க. நாய் சாகக் கெடக்கு.”

“எந்த நாய்?”

“மருந்துக்குச் சொந்தக்கார நாய்.”

ஹாலில் ஜால்ரா ஒன்று நழுவி விழுந்தது. பின் வரிசையில் யாரோ சொன்னார்: “அதான் குரல் இவ்வளவு கம்பீரமா இருக்கு!”

மாமி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். உள்ளே ஒன்பது காப்ஸ்யூல். மூன்றே மூன்று சாப்பிட்டதும் குரல் வந்துவிட்டதாம், மாமாவும் நிறுத்திவிட்டாராம். மாமா மட்டும் என்னைப் பார்த்த பார்வையை எழுத என் படிப்பு போதாது.

டாக்சியில் சுல்தானைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், வராந்தாவில் பார்க்கே உட்கார்ந்திருந்தது. ஏழு நாய்கள், ஏழு ஆர்டர்லிகள். நாய்கள் என்னைப் பார்த்து இருமின. ஆர்டர்லிகள் முறைத்தார்கள்.

“கித்னே தின் தியா?” என்றார் டாக்டர். எத்தனை நாள் கொடுத்தாய்?

“பத்து” என்றேன். வியர்வைக் கையைத் துடைக்கப் பேன்ட் பையிலிருந்து கைக்குட்டையை உருவினேன். அதில் முடிந்து வைத்திருந்த ஒன்பது காப்ஸ்யூலும் அவர் மேஜையில் உருண்டன.

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். சுல்தானின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே, குழந்தைக்குச் சொல்வது போல் சொன்னார்: பாதி அடிபட்ட கிருமி சும்மா போகாது, தப்பித்தது பலமாகத் திரும்பும், அதற்கு இந்தக் காப்ஸ்யூல் இனி கேட்காமல் போகலாம். இப்போது நுரையீரலில் இறங்கிவிட்டது. தினமும் ஊசி போட வேண்டும். பிழைக்குமா என்று நாலு நாள் கழித்துத்தான் தெரியும்.

“மீதி ஏழுக்கும் இதையே போட்டுடுங்க டாக்டர் சாப்” என்றேன், உதவி செய்கிற நினைப்பில்.

“அதுங்களுக்கு லேசான இருமல். மருந்தே வேண்டாம், தனியா வச்சு ஓய்வு குடுத்தாப் போதும். தேவையில்லாதவனுக்கு மருந்து, தேவைப்பட்டவனுக்குப் பாதி, இதானே உங்க வைத்தியம்? வருஷா வருஷம் தடுப்பூசி போட்ட நாய்ங்க, அதனால வேற பெரிய நோய் எதுவும் சேரலை. போய் அந்தத் தண்ணித் தொட்டியைத் தேய்ச்சுக் கழுவு. பத்து நாள் பார்க் வாசல்ல நின்னு, எந்த நாயும் உள்ள போகாமப் பார்த்துக்க.”

நின்றேன். ஏன் போகக் கூடாது என்று வருகிறவர்களெல்லாம் கேட்டார்கள். காரணத்தை என் ஓட்டை ஹிந்தியில் நானே சொன்னேன். பகதூர் தினமும் வந்து இரண்டு முறை கேட்டான்.

ஐயாவும் அம்மாவும் திரும்பிய அன்றும் சுல்தான் கோணியில் கிடந்தது. ஊசிதான் ஏறியதே தவிர, நாலு நாளாக ஒரு வாய் சாப்பிடவில்லை. கார் கதவுச் சத்தம் கேட்டதும் காது மட்டும் நிமிர்ந்தது. நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அம்மா பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, பாலில் பிசைந்த ரொட்டியை விரலில் தொட்டு நீட்டினார். சுல்தான் முகர்ந்தது. நக்கியது. பிறகு கிண்ணத்தையே இழுத்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். (தூசி.)

ஐயா சொன்னார்: “ஏல மாரி, நாயை உங்கிட்ட விட்டுட்டுப் போனேன், சரி. உன்னை யாருகிட்டயாவது விட்டுட்டுப் போயிருக்கணும்லா?”

சுல்தான் அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தது. ஒவ்வொரு தடுப்பூசிக்கும் நானே கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரியில் அதன் வாயை யாரும் கட்டவில்லை. டாக்டர் என் வாயைத்தான் மூடச் சொல்வார்.

போன மாதம் எனக்கு நெஞ்சுச் சளி. ஏழு நாள் மாத்திரை. நாலாம் நாள் நன்றாக இருந்தது. அட்டையைச் சத்தமில்லாமல் டிராயருக்குள் தள்ளினேன். பேச்சியம்மாள் பார்த்துவிட்டாள். போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டு, “மாமா, இவுக மறுபடியும் மருந்தை நிறுத்திட்டாக” என்று சொல்லி என் காதில் வைத்தாள். சுந்தரம் மாமா இப்போது மாம்பலத்தில் மகன் வீட்டில் இருக்கிறார், தொண்ணூறு நெருங்குகிறது. நான் “ஹலோ” என்றேன். மறுமுனையில் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம். பிறகு கணீரென்று சுதி சுத்தமாக மாமா குரைத்தார்.

மாத்திரையைத் தண்ணீரில்லாமலே விழுங்கினேன்.