மதுவிலக்குச் செயலாளரின் கல்லீரல்

பாலாவிலிருந்து,
புதன்கிழமை.

கட்டப்பனையில் ஏலத்தோட்டமும் இருமலுமாக வாழும் மரியாதைக்குரிய மத்தாய்க்குட்டி மச்சானுக்கு, தங்கள் தங்கை ஏலியம்மாவின் கணவன் பாப்பச்சன் வணக்கத்துடன் எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இந்த வீட்டில் யார் சுகம், யார் சுகமில்லை என்பதை இப்போது என் மகள் ஜின்ஸிதான் அறிவிக்க வேண்டும். அவளுக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் நீங்கள். ஆகவே கடிதம் கண்டதும் அவளைப் போனில் கூப்பிட்டு நன்றாகத் திட்டவும். என் மானம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பங்குக்கோயில் மதுவிலக்குச் சங்கத்தில் என் செயலாளர் பதவியும் போய்விடும்.

ஜின்ஸியின் நர்ஸிங் படிப்பில், பிறந்த சிசு முதல் முதியோர் வரை உடம்பைச் சோதித்துப் பார்ப்பது என்று ஒரு பாடம் இருக்கிறதாம். ஒரு மாதமாக எங்கள் வீடுதான் வார்டு. மூத்தவன் ஜோபியின் கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்து, பாதம் மேசையில் படும்படி நிறுத்தினாள். குழந்தை நடப்பதுபோல் காலை மாற்றி மாற்றி வைத்தது. ஏலியம்மா சிலுவை போட்டுக்கொண்டு, "இன்னும் ஞானஸ்நானமே ஆகல, அதுக்குள்ள நடக்குதே!" என்று அலறினாள். பிறகு என் தம்பி மகள் ட்ரீஸாவை, அதுதான் ப்ளஸ் டூ படிக்கிறதே, அதை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜின்ஸியிடம், "என்னடி சொன்னா?" என்று நான் கேட்டால், "அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது அப்பச்சா" என்கிறாள். என் வீட்டில், என் கதவுக்குப் பின்னால், எனக்குத் தெரியாமல் ரகசியம்! அடுத்து ஏலியம்மா. "எங்கம்மா வலிக்குது?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். உங்கள் தங்கை பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் கப்பைக்கிழங்கு கரியாகிவிட்டது. இத்தனை வருடத்தில் இதை யாரும் அவளிடம் கேட்கவில்லையாம். நான் எங்கே கேட்பது, அவள்தான் கேட்காமலே சொல்லுகிறவளாயிற்றே.

பரீட்சைக்கு, வார்டு நோயாளிகளைக் குத்தியும் தட்டியும் பார்த்ததில் அவர்கள் சலித்துவிட்டார்கள் என்று, வீட்டிலிருந்தே ஆள் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள் கல்லூரியில். ஜின்ஸிக்கு விழுந்தது முதியோர். அதாவது நான். பரீட்சை என்றால் சும்மாவா? எங்கள் வெட்டுக்காட்டுக் குடும்பத்தில் யாரும் தோற்றதில்லை. ஒற்றைக் காலில் நின்று பழகினேன். கண் பார்க்கும் அட்டையைக் கடைசி வரி வரை மனப்பாடம் செய்தேன். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி சட்டையில், மதுவிலக்குச் சங்கத்தின் பேட்ஜையும் குத்திக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவள் அட்டையின் முதல் வரியில் குச்சியை வைப்பதற்குள் நான் கடைசி வரியை ஒப்பித்துவிட்டேன். பரீட்சை நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த லீலாம்மா டீச்சர் என்னை உற்றுப் பார்த்தார். மெச்சுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கல்லூரிக்கு மேனேஜர் எங்கள் பங்குச் சாமியாரான அச்சன்தான் என்பதும், சங்கத்துக்குத் தலைவர் அவர்தான் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவரும் அங்கே உட்கார்ந்திருக்கிறார். அப்போதா கேட்பது? "அப்பச்சா, குடிப்பழக்கம் உண்டா?"

"ஒரு சொட்டுக்கூடக் கிடையாது."

"நான் மகளாக் கேக்கல. நர்ஸாக் கேக்கறேன்."

"யாராக் கேட்டாலும் கிடையாதுடி!"

சாயங்காலம் புகைப்புரைக் கொட்டகையில் ரப்பர் ஷீட் காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போகும்போது ஏதோ இரண்டு மடக்கு. அது குடியா மச்சான்? இங்கு வந்தால் நீங்களும் ஷீட் பார்க்க வருகிறவர்தானே.

படுக்கச் சொல்லி, விலாவுக்குக் கீழே விரலை வைத்து, மூச்சை இழுக்கச் சொன்னாள். இழுத்தேன். அவள் முகம் மாறிவிட்டது. மறுபடியும் அழுத்தினாள். "என்ன தெரியுது?" என்றார் டீச்சர். நான் கண்ணைக் காட்டினேன், புருவத்தைக் காட்டினேன், காலால்கூட இடித்தேன். அவள் நேராக நின்று, "கல்லீரல் வீங்கியிருக்கு மேடம். விளிம்பு கெட்டியா இருக்கு. இவர் வாய் சொல்றதும் என் கை சொல்றதும் ஒத்துவரல" என்றாள். டீச்சரும் அழுத்திப் பார்த்துவிட்டு, "சரியாச் சொன்னே" என்று முழு மார்க் போட்டார். அச்சன் தொண்டையைக் கனைத்து, "பாப்பச்சா, ஞாயித்துக்கிழமை அந்தப் பேட்ஜை எடுத்துட்டு வா" என்றார்.

பஸ்ஸில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். அவளாகவே, "மார்க்குக்காகச் சொன்னேன்னு நினைக்காதீங்க அப்பச்சா. தொட்டதும் என் கை பயந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். அழட்டும். ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். நான் எடுக்கப்போவதில்லை. அவளை நர்ஸ் வேலைக்கு வெளிநாட்டுக்கும் அனுப்பப்போவதில்லை. என் ஈரலையே ஊர் நடுவில் வைத்தவள் நாளைக்கு எந்த ராஜாவின் ஈரலை எங்கே வைப்பாளோ! ஆகவே மறக்காமல் திட்டவும்.

அண்ணிக்கு எங்கள் அன்பு. உங்கள் இருமலைப் பரிசுத்த ஆவியானவர் பார்த்துக்கொள்வாராக. ஏலம் நன்றாகக் காய்க்கட்டும்.

தங்கள் மைத்துனன்,
பாப்பச்சன், செயலாளர் (ஞாயிறு வரை)

பி.கு. தபாலில் போடுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. முந்தாநாள் சங்கத்துப் பொருளாளர் கொல்லைப்புறமாக வந்து, "ஜின்ஸி மோளே, என் வயித்தையும் கொஞ்சம் பாரேன்" என்றார். அவர் போனதும் துணைத்தலைவர். இருட்டியபின் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, மழையே இல்லை மச்சான், அச்சனே வந்துவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஜின்ஸி யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் என்கிறாள். அச்சன் வெளியே வந்து, "ஞாயித்துக்கிழமை கூட்டம் இல்ல பாப்பச்சா. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஸ்கேனுக்கு ரெண்டு பேரும் ஒரே வண்டியில போயிடுவோம். யாராவது கேட்டா மதுவிலக்குப் பிரசாரம்னு சொல்லிக்கலாம்" என்றார். பதவி தப்பித்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு நாளாக ஷீட் பார்க்கப் போகவில்லை.

ஜின்ஸியைத் திட்ட வேண்டாம். போன் மட்டும் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை அப்பச்சன் பக்கத்தில் நீயும் வண்டியில் உட்கார்ந்து போ என்று, உங்களுக்கே தோன்றியதுபோலச் சொல்லுங்கள். நானே எப்படி அவளிடம் கேட்பது?