வெள்ளைக்கார விருந்தாளியும் 'தங்கிப் போங்கள்' சங்கமும்

உலகில் எந்தச் சுற்றுலாத் தலமும் செய்யாத சாதனையைத் திண்டுக்கல் செய்துவிட்டது. ஒரு வெள்ளைக்காரரை மாதக்கணக்கில் ஊரிலேயே தங்க வைத்திருக்கிறது. வருகிற வெளிநாட்டுக்காரர்களெல்லாம் கொடைரோட்டில் இறங்கி மலைக்கு ஓடிவிடுகிறார்களே என்று வயிறெரிந்து தொடங்கியதுதான் எங்கள் 'தங்கிப் போங்கள்' சங்கம். அடியேன் அதன் செயலாளர்.

ஸ்லோவேனியா நாட்டு மாத்தேய் கொடைரோட்டில் டீ குடிக்க இறங்கினார். ரயில் அவருடைய பையோடும் பாஸ்போர்ட்டோடும் போய்விட்டது. ஆவணம் இல்லாத அந்நியர் என்று பிடித்து, திண்டுக்கல்லில் 'தங்குமிடம்' ஒதுக்கினார்கள். வாடகை கிடையாது, வாசலில் துப்பாக்கியோடு காவல். எந்த லாட்ஜில் இந்த வசதி உண்டு?

காவல் நீட்டிப்புக்கு அவரைக் கோர்ட்டுக்கு அழைத்து வரும்போதெல்லாம் சங்கம் மாலையோடு ஆஜராகும். எங்கள் தலைவர், தோல் வியாபாரி அக்பர் அலி, தவறாமல் கேட்பார்: "எங்க ஊரு எப்புடி சார் இருக்கு?"

"அண்ணே, எம் பொண்டாட்டிக்குப் பிரசவம் நெருங்குது. நான் போகணும்ணே" என்பார் மாத்தேய், ஜெயிலில் கற்ற தமிழில்.

"என்னமா தமிழ் பேசுறாரு பாருங்கப்பா" என்று தலைவர் கண்கலங்குவார். பிறகு செல்பி எடுத்துக்கொள்வோம்.

ஒரு நாள் ஜாமீன் கிடைத்துத் தொலைத்தது. உள்ளூர்க்காரர் இருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டுமாம். மாத்தேயின் வக்கீல் ஷைனி நேரே எங்கள் அவசரக் கூட்டத்துக்கே வந்துவிட்டார்.

"ரெண்டே ரெண்டு கையெழுத்து சார். வெளிய வந்துட்டா புது பாஸ்போர்ட்டும் கோர்ட்டு அனுமதியும் வாங்கி, புள்ள பொறக்குறதுக்குள்ள அவரு ஊருக்குப் போயிரலாம்."

"போயிருவாரா?" தலைவர் பதறினார். "நம்மகிட்ட இருக்குறதே ஒரே ஒரு டூரிஸ்ட்டும்மா."

"பொங்கல் வரைக்கும் இருக்கட்டுமே. சிறந்த விருந்தாளி விருது குடுத்து அனுப்பிருவோம்" என்றேன் நான்.

ஷைனி விடவில்லை. முதல் கையெழுத்தாவது கிடைக்கட்டும் என்று பொருளாளர் ராயப்பராஜை மட்டும் கோர்ட்டுக்கு இழுத்துப் போனார். துணைக்கு நானும் போனேன்.

"ராயப்பண்ணே!" மாத்தேய் முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்கு இவரை யாருன்னே தெரியாதுங்க" என்றார் ராயப்பராஜ். "முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு எப்புடிங்க பொறுப்பேத்துக்கிறது?" கையிலிருந்த செல்போனை அவசரமாகக் கவிழ்த்துப் பிடித்தார். முகப்புப் படத்தில் அவரும் மாத்தேயும் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மாத்தேய் மறுபடி 'தங்குமிடம்' போனார். அந்த வாரமே அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. சங்கம் சும்மா இருக்குமா? கேக் வெட்டினோம். கதவளவுக்கு ஒரு வாழ்த்து அட்டை அடித்து ஜெயிலுக்குக் கொடுத்தனுப்பினோம். அதில் தலைவர், பொருளாளர், நான் உட்பட நாற்பது பேரும், ஒருத்தர் பாக்கியில்லாமல், கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.