பம்பு புதுசு, பழி மாமனுக்கு

அன்பும் அறிவும் ஒன்றாய்ச் சேர்ந்த என் அக்காள் மகனுக்கு, உன் தாய்மாமன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், உன் அம்மா நலம், உன் காரைத் தவிர வீட்டில் மற்றதெல்லாம் நலம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் ஒரு குறையுமின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. நேற்று உன் அம்மா போனில் உன்னிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. கதவோரம்தான் நின்றுகொண்டிருந்தேன். "நல்லா ஓடிட்டிருந்த வண்டிய உன் மாமன் கொன்னுட்டான்டா" என்றாள். அதற்கு நீ சிரித்த சிரிப்பு கதவு வரைக்கும் கேட்டது. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுச் சிரிக்கிறவனா நீ? நடந்ததை நடந்தபடி, ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதுகிறேன், படித்துவிட்டு அப்புறம் சிரி.

ஊருக்குக் கிளம்பும்போது சாவியை என் கையில் கொடுத்து, "மாமா, அம்மாவைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறது உங்க பொறுப்பு" என்றாய். பொறுப்பு என்று வந்துவிட்டதால்தான் வண்டியின் சத்தத்தை நான் காது கொடுத்துக் கேட்டேன். சாவியைத் திருப்பினால் பின் சீட்டுக்கு அடியில் 'உய்ங்' என்று ஒரு முனகல். வேறு ஆளாயிருந்தால் பாட்டைப் போட்டு அமுக்கியிருப்பான். நானோ இன்ஜினோடு பிறந்தவன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டாலும், மலைப்பாதையில் படுத்துவிட்ட லாரியை ஒரு கொண்டை ஊசியும் சோப்புத் துண்டும் வைத்துக் கிளப்பியவன், டிரைவர் என் காலில் விழப் பார்த்தான், இதை நீ சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறாய். (அப்போது பஸ் என்று சொல்லியிருந்தால் அதுவும் உண்மைதான், இரண்டும் நடந்தது.) பெட்ரோலை டேங்கிலிருந்து இன்ஜினுக்குத் தள்ளுகிற பம்பு கடைசி மூச்சு விடுகிறது என்று எனக்கு அந்த நொடியே பிடிபட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பாலத்தின் நடுவே அது செத்தால் அக்காவின் கதி என்ன? இந்தத் தேதியை விட்டால் அடுத்தது மழைக்காலம் முடிந்துதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் யோசித்துத்தான் புதுப் பம்பு வாங்கி வந்தேன். தெருமுனை மெக்கானிக், "நான் பாக்கட்டுங்களா?" என்று வந்தான். "எதுக்கு, அப்புறம் எனக்குச் சொல்லிக் குடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியவா?" என்று அனுப்பிவிட்டேன். பின் சீட்டைக் கழற்றி, மூடியைத் திறந்து, பழையதைத் தூக்கி, புதியதை இறக்கி, வளையத்தைத் திருகி முடித்தேன் பார், கண் டாக்டர்கூட அத்தனை சுத்தமாகச் செய்யமாட்டார்.

உன் அம்மா ஆபரேஷனுக்கு முந்திய சோதனைக்காகப் பையை மடியில் வைத்து முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சாவியைத் திருப்பினேன். பின்னாலிருந்து துளி சத்தமில்லை. புதுப் பம்பு அல்லவா, வாயைத் திறக்காமல் வேலை பார்க்கிறது என்று மெச்சிக்கொண்டேன். கிர்ர், கிர்ர் என்று இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கமாட்டேன் என்கிறது.

"பாலம் வந்திருச்சாடா?" என்றாள் உன் அம்மா.

"இன்னும் வாசலத் தாண்டலக்கா."

"ஆடுதே, ரோட்டுல போறோம்னு நெனச்சேன்."

அந்தச் சோதனைக்குக் கடைசியில் அவள் நடந்தே போய் வந்தாள், என் தோளைப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு. திரும்பி வந்து நான் சும்மா இருந்தேனா? பேட்டரியைத் தட்டினேன். பிளக்குகளைக் கழற்றிப் பழைய பல் பிரஷால் தேய்த்தேன் (அது தன்னுடைய புது பிரஷ் என்கிறாள் அவள்). ஃப்யூஸ்களை ஒன்றுவிடாமல் பிடுங்கி இடம் மாற்றிப் போட்டேன். இப்போது சாவி போட்டால் வைப்பர் ஆடுகிறது, பிரேக்கை மிதித்தால் ரேடியோ பேசுகிறது. கரண்டில் குறையே இல்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? எதிர்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற கண்டக்டர், தெருவே அவரை 'ரைட்டு' என்றுதான் கூப்பிடும், "தள்ளிப் பாக்கலாமாண்ணே?" என்று வந்தார். தள்ளினார். பழக்கதோஷத்தில் "ரைட், ரைட்" என்றாரே ஒழிய, "நிறுத்துங்க" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வண்டி அவர் வீட்டு கேட்டில் போய்த்தான் நின்றது. அதற்கும் பழி எனக்கே! கழற்றிய சீட்டு இன்னும் கூடத்தில்தான் கிடக்கிறது, வருகிறவர்களெல்லாம் அதில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு எனக்குப் புத்தி சொல்கிறார்கள்.

இதற்கெல்லாம் காரணம் அந்த ஸ்பேர் கடைக்காரன். செத்த பம்பை என் தலையில் கட்டிவிட்டு, "பெட்டியப் பிரிச்சா திருப்பி எடுக்கமாட்டோம் சார்" என்கிறான். பிரிக்காமல் பெட்டியோடவா டேங்கில் இறக்குவார்கள்? நீ படித்தவன், அவன் அகராதியைப் புரட்டிப் புரட்டி நடுங்குகிற மாதிரி இங்கிலீஷில் ஒரு கடிதம் போடு. வியாழக்கிழமை ஆபரேஷன். உன் அம்மா பஸ்ஸில் போகிறேன் என்று நிற்கிறாள். "பஸ் நம்பர் தெரியுமாக்கா உனக்கு?" என்றேன். "நம்பர் தெரிஞ்சா நான் ஏன்டா ஆபரேஷனுக்குப் போறேன்?" என்கிறாள்.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பைச் சொல். தொட்ட காரியமெல்லாம் முதல் திருப்பிலேயே கிளம்பி நீங்கள் இருவரும் சீரும் சிறப்புமாய் ஓட, வாழ்த்தும்

உன் அருமைத் தாய்மாமன்.

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்து கடிதம் மேசையிலேயே கிடந்துவிட்டது. அதற்குள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரைட்டு வாடகை வண்டி பிடித்துக் கொடுத்தார், கூட்டிப்போனது நான்தான். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த உன் அம்மா முதலில் எடுத்துப் படித்தது இதை. படித்துவிட்டு நேரே காருக்குப் போய், சீட்டில்லாத பள்ளத்தில் எட்டிப் பார்த்தாள். "இந்த ஒயர எதுலயும் சொருகலியேடா?" என்றாள். பம்புக்குக் கரண்ட் கொண்டுபோகிற ஒயராம். சொருகினேன். 'உய்ங்' என்றது, கிளம்பிவிட்டது, வைப்பரோடு. பழைய பம்பும் அப்படித்தான் முனகும், எல்லாப் பம்பும் அப்படித்தான் என்கிறான் மெக்கானிக். ஆகவே கடைக்காரனுக்கு எழுதாதே. மேலே எழுதிய லாரிக் கதையையும் அடித்துவிடச் சொல்கிறாள், கிளப்பியது டிரைவராம், நான் சக்கரத்துக்குக் கல் வைத்தேனாம், கொண்டை ஊசி மட்டும் அவளுடையதாம்.

இதோடு போகட்டும் என்றால், ஒரு கண் தெளிந்ததிலிருந்து அலமாரித் தூசி தெரிகிறது, நான் ஒளித்து வைத்த பீடிக்கட்டு தெரிகிறது, என் மீசையில் ஒரு பக்கம் நீளம் என்பதும் தெரிகிறது. அடுத்த கண்ணுக்கும் தேதி கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை, நீ டாக்டரிடம் பக்குவமாய்ப் பேசி அதைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா பார். இந்த வரியை மட்டும் எறும்பு அளவில் எழுதியிருக்கிறேன்.

"அதுவும் தெரியுதுடா" என்கிறாள், என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு.